எடுக்கக் கூடாத அழைப்பு

சிதம்பரம் பேருந்து நிலையத்துக்கு எதிர்மாடியில், ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பின் கரும்பலகைமீது மாலை வெயில் சாய்ந்திருக்கிறது. அதில் எழுதியுள்ள ‘மிஸ்’ என்ற வினைச்சொல்லைத் தொட்டபடி ஆசிரியை சத்யப்பிரியா சொல்கிறாள்: “மொதல்ல, எறிஞ்ச கல்லு குறி தப்புறதுக்குத்தான் இந்த வார்த்தை. அப்புறம் பஸ்ஸ விடுறதுக்கு. ரொம்ப நாள் கழிச்சுத்தான், ஒருத்தர மனசு தேடுறதுக்கு வந்துச்சு.” “எப்படித் தேடும் மேடம்?” என்கிறார் வெளிநாட்டு வேலைக்குப் போகவிருக்கும் மீனவர் பஞ்சநாதன். மேசைமீது செல்போன் அடிக்கிறது. துபாயிலிருக்கும் அவள் கணவன் தினமும் ஒரே ஒரு ரிங்கில் நிறுத்திவிடுவான். நன்றாயிருக்கிறேன் என்று அர்த்தம். எடுத்தால் அவனுக்குக் காசு போகும். இன்று அது ஓயுமுன், சாக்பீஸ் தூள் படிந்த அவள் விரல் பொத்தானை அழுத்திவிடுகிறது. “அய்யோ, ஏன் எடுத்த?” என்கிறான். அவள் போனைக் காதோடு அழுத்திக்கொள்கிறாள். அவனும் வைக்கவில்லை.