மடித்தது யார்?

விமானம் கோவில்பட்டியில் தரையிறங்குவதில்லை. ஊர் வந்ததும் அவரவர் குதித்துக்கொள்ள வேண்டியதுதான். அதனால் சென்னை விமான நிலையச் சோதனையில், சுடலைமுத்துவின் பாராசூட் பையைத் தட்டிப் பார்த்த காவலர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

“மடிச்சது யாரு சார்?”

“என் வீட்டுக்காரி.”

“காலையில வீட்டுல ஏதாவது சண்டை?”

“சண்டைன்னு இல்ல. அக்கா வீட்டுல ரெண்டு நாளாவது ருசியா சாப்பிடலாம்னு சொன்னேன்.”

காவலர் பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

“அதை மடிக்கிறதுக்கு முன்னாடி சொன்னீங்களா, பின்னாடியா?”

“மடிச்சிக்கிட்டு இருக்கும்போது.”

“வீட்டுக்கு ஒரு போன் போடுங்க சார்.”

சுடலைமுத்து மனைவியைக் கூப்பிட்டார். “கோமதி, கோவம் ஒண்ணும் இல்லையே?”

“எனக்கென்ன கோவம்? பத்திரமாப் போயிட்டு வாங்க. அக்காவை ரொம்ப விசாரிச்சதாச் சொல்லுங்க.”

கல்யாணமான நாள்முதல் கோமதி நாத்தனாரை விசாரித்ததே கிடையாது. சுடலைமுத்து போனை வைத்துவிட்டுக் காவலரைப் பார்த்தார். காவலர் மறுபடி மடித்துத் தரும் கவுன்ட்டரைக் கைகாட்டினார்.

அங்கே வரிசை வாசல்வரை நின்றது. எல்லோரும் கணவன்மார்கள். நடுவில் ஒரே ஒரு பெண் நின்றிருந்தாள். அவள் பையை மடித்துக் கொடுத்தது மாமியாராம்.