சுருங்காத நெற்றி

“இன்னும் கொஞ்சம் சுருக்கும்மா. கோவம் வந்தா சுருக்குவியே, அந்த மாதிரி.”

பிரஜாவுரிமை அலுவலகத்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவின் எதிரே குந்தியபடி கமலவேணி கெஞ்சிக்கொண்டிருந்தாள். பூங்காவனம் பல்லைக் கடித்துக்கொண்டு முயன்று பார்த்தாள். கன்னம் அசைந்தது, மூக்கு விடைத்தது. நெற்றி மட்டும் இஸ்திரி போட்ட துணி மாதிரி அப்படியே கிடந்தது.

ஆறு மாதத்துக்கு முன்புவரை அந்த நெற்றியில் மூன்று கோடுகள் இருந்தன. பண்டார் ஹிலிரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிற வேலை அவளுக்கு. அவள் கடுகடுவென்று நிற்பதைப் பார்த்தே ஆட்கள் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள் என்று முதலாளி ஒருநாள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். மகளைப் புக்கிட் காதிலில் கட்டிக் கொடுத்துவிட்டு, காஜா பெராங்கில் ஒற்றை அறையில் குடியிருக்கும் விதவை அவள். அந்த வேலையும் போனால் என்ன செய்வாள்?

அந்தச் சமயத்தில்தான் சிங்கப்பூரிலிருந்து ஓர் அழகு டாக்டர் வந்து ஹோட்டலில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். நெற்றி நரம்பில் ஊசி போட்டால் கோடுகள் ஓடிவிடும், எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும் என்றார். போட்ட மறுநாள் பூங்காவனத்துக்குத் தலை பிளந்தது. மூன்றாம் நாள் நெற்றி மரத்துப்போய், இடது கண்ணின் இமை பாதிக்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டது.

பதறி ஓடியபோது டாக்டர் ரூமைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தவர்கள், நரம்பு செத்திருக்கிறது, தானாகத் திரும்பினால் உண்டு என்று கையை விரித்தார்கள். அரைக்கண்ணோடு முன்னால் நிற்க வேண்டாம் என்று முதலாளி அவளைக் கடையின் பின்பக்கம் துணி மடிக்க உட்கார வைத்தார்.

அதையாவது சகித்துக்கொள்ளலாம். மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஒரு வருஷம் முடிவதற்குள் பிரஜாவுரிமைக்கு மனுப் போட வேண்டும் என்றும், நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு மலாய்ப் பரீட்சை கிடையாது என்றும் ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. கைக்குழந்தையாகக் கப்பலில் வந்த பூங்காவனத்துக்குப் பிறந்த தேதிக்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அடையாளக் கார்டில் யாரோ ஒரு ஆபீஸ் கிராணி குத்துமதிப்பாக எழுதி வைத்ததன்படி அவளுக்கு வயது நாற்பத்திரண்டு.

ஆளைப் பார்த்து வயதை ஒத்துக்கொள்வதும் உண்டு என்று கேள்விப்பட்டுத்தான் இருவரும் வந்திருந்தார்கள். சாட்சி சொல்ல வேண்டிய நெற்றியோ வழவழவென்று இருந்தது.

“பரீட்சைன்னா நான் செத்தேன்டி” என்றாள் பூங்காவனம். “ஊருக்குக் கப்பல்ல ஏத்தி அனுப்பிட்டா அங்க எனக்கு யாரு இருக்கா?”

அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள். மனுக் கொடுத்தவர் மட்டும் வரலாம் என்றார் பியூன். மொழிபெயர்ப்பவர் அன்று லீவு.

அதிகாரி இள வயது மலாய்க்காரர். கார்டையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நாற்பத்தைந்து ஆனவர் மாதிரித் தெரியவில்லையே என்றார்.

பூங்காவனம் நாற்காலி நுனிக்கு வந்தாள். என்ன பேசுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் கொட்டத் தொடங்கினாள்.

“இந்த நெத்திய நம்பாதீங்க துவான். இது ஊசி போட்ட நெத்தி.”

முதலாளி சொன்னது, டாக்டர் ஓடிப்போனது, இமை இறங்கியது எல்லாவற்றையும் சொன்னாள். இப்போதும் வலிக்கிறதா என்று அவர் கேட்டார்.

“வலிச்சாக்கூடப் பரவால்ல துவான். பக்கத்து வீட்டுல சாவு விழுந்துச்சு. துக்கம் கேக்கப் போனா, இவ மூஞ்சில ஒரு வருத்தமும் இல்லன்னு பேசிக்கிறாங்க. உள்ளுக்குள்ள நான் படுறது இந்த மூஞ்சிக்குத் தெரிய மாட்டேங்குது.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அவள் கணவரைப் பற்றிக் கேட்டார்.

“ஜப்பான்காரன் சயாம்ல ரயில் ரோடு போடப் பிடிச்சிட்டுப் போனான். திரும்பி வரல. மொதக் கோடு அப்ப விழுந்ததுதான். மூத்த பையன் காய்ச்சல்ல போனப்ப ரெண்டாவது. மகளக் கட்டிக் குடுத்துட்டுத் தனியா ஆனப்ப மூணாவது. என் வயசுக்கு இருந்த கணக்கு அது ஒண்ணுதான் துவான். அதையும் நானே காசு குடுத்து அழிச்சிட்டேன்.”

இறங்கிய இமைக்குக் கீழிருந்து கண்ணீர் வழிந்தது. நெற்றி அசையவே இல்லை. அதிகாரி பேனாவை மறுபடி எடுத்தார். பிறகு மகளைப் பற்றி, கடையைப் பற்றி, காஜா பெராங்கில் எத்தனை வருஷம் என்பதைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் சொன்னாள். கடைசியில் படிவத்தில் ஏதோ எழுதி, முத்திரை குத்தினார்.

மனுவைத் தள்ளிவிட்டார் என்றே அவள் நினைத்தாள். எழுந்து கைகூப்பினாள்.

“பரீட்சை மட்டும் வேணாம் துவான். எனக்கு மலாய் பேச வராது.”

அதிகாரி படிவத்தை அவள் பக்கம் திருப்பி வைத்துச் சிரித்தார்.

“அதையும் மலாய்லதாம்மா சொல்றீங்க.”