தில்லைப் பால்

அவன் வெட்டிக்கொண்டே வந்தான்.

உப்பங்கழிச் சேற்றில் கால் புதைய, குறுக்கே நின்ற கிளைகளையெல்லாம் அரிவாளால் சாய்த்துக்கொண்டு வந்தான். உச்சி வெயில்.

"எங்கடி போயிடுவ, தையல்நாயகி? இன்னிக்கு உன் தல ஒடம்புல இருக்காது."

அவள் தில்லை மரங்களுக்குள் குந்தியிருந்தாள். இடுப்புவரை தண்ணீர். மடியில் மகள்.

அடியும் உதையும் போதுமென்று பிறந்த ஊருக்கு ஓடிவந்தவள். கூப்பிட்டதற்கு வரவில்லையாம், அரிவாளோடு வந்திருக்கிறான், தாலி கட்டிய புண்ணியவான்.

தில்லை ஒன்றும் பெரிய மரமில்லை. ஆளைவிடக் கொஞ்சம் உயரம். நெல்லும் புல்லும் பிழைக்காத உப்புக் கரையில், அலை ஏறி இறங்கும் இடத்தில் நெருங்கி நிற்கும். பார்த்தால் பரம சாது. வெட்டினால்தான் குணம் தெரியும். வெள்ளைவெளேரென்று பால் தெறிக்கும். கண்ணில் பட்டதோ, அவ்வளவுதான், பகலும் இருட்டு.

அதனால் இந்த ஊரில் தில்லையில் கை வைக்குமுன் ஒரு குரல் கொடுப்பார்கள். "தில்லை! மொகத்தத் திருப்பு!" சுற்றி நிற்பவர்கள் திரும்பிக்கொண்ட பிறகே அரிவாள் விழும். பக்கத்தில் நிற்பவன் பங்காளிச் சண்டைக்காரனாக இருந்தாலும் அந்தக் குரலை யாரும் மறுப்பதில்லை. பேச்சு வந்த பிள்ளைக்கு முதலில் சொல்லித்தருவது அதைத்தான். தையல்நாயகியும் மகளுக்குச் சொல்லித்தந்திருந்தாள்.

அவன் முந்திரிக்காட்டு ஊர்க்காரன். அவனுக்கென்ன தெரியும்?

இதுவரை அவன் வெட்டியது பால் இல்லாத சுரபுன்னை மரம். இப்போது தில்லைக்கு வந்துவிட்டான்.

முகத்துக்கு மேலே நின்ற கிளையை இடது கையால் வளைத்துப் பிடித்தான். அண்ணாந்து பார்த்தான். ஓங்கினான்.

மடியில் மகள் துள்ளினாள். வாய் திறந்தது. அப்பனுக்கு அந்தத் தில்லைக் குரலைக் கொடுக்கப்போகிறாள்.

தையல்நாயகி அந்த வாயைப் பொத்தினாள்.

இருக்கும் இடம் தெரிந்துவிடுமே என்ற பயத்தில் பொத்தினாள் என்று சொல்லிக்கொள்ளலாம். பொய். படட்டும், பாவிக்குப் படட்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

கிளை முறிந்தது.

"ஐயோ! கண்ணு! என் கண்ணு!"

சேற்றுக் கையாலேயே தேய்த்தான். தேய்க்கத் தேய்க்க நெருப்பாக எரிந்தது. அப்போதும் அரிவாளை விட்டானா, கிராதகன்! குருட்டுத்தனமாக எல்லாப் பக்கமும் வீசினான். பட்ட கிளையெல்லாம் பாலைக் கக்கியது.

மகள் தாயின் உள்ளங்கையைக் கடித்தாள். ரத்தம் வரக் கடித்தாள். கை விட்டது.

அழுகையில் குரல் எழவில்லை அந்தப் பிள்ளைக்கு. தண்ணீரை அடித்துக்கொண்டு அப்பனிடம் ஓடியது.

அவன் காதைத் தீட்டினான்.

"வந்துட்டியாடி? வா. வா."

அரிவாள் உயர்ந்தது. பிள்ளை அதன் கீழே போய்க்கொண்டிருந்தாள்.

பிள்ளை வருகிறாள் என்று சொன்னால் நிறுத்துவானா? இதற்குமுன் எந்த நாளும் நிறுத்தியதில்லை.

தையல்நாயகி எழுந்தாள். இரண்டு கையாலும் தண்ணீரை ஓங்கி அறைந்தாள்.

"யோவ்! நான் இங்க இருக்கேன்யா! இந்தப் பக்கம் வா!"

உயர்ந்த அரிவாள் அப்படியே நின்றது. அவன் திரும்பினான். குரலைப் பார்த்து நடந்தான்.

அவள் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. கூப்பிட்டுக்கொண்டே, கழி ஆழமாகும் பக்கம் பின்னால் நகர்ந்தாள்.