ஆவன செய்யப்படும்

மாசிலாமணி சாருடைய கணினியில், மின்னஞ்சலுக்குள்ளே 'ஆசெ' என்று ஒரு குறுஞ்சொல் குடியிருந்தது. அவர் அந்த இரண்டெழுத்தைத் தட்டினால் போதும், "தங்கள் மடல் கிடைத்தது. விரைவில் ஆவன செய்யப்படும்" என்று முழுசாக விரிந்து நிற்கும். அதில் அதற்குத் தலைகால் புரியாத பெருமை.

"நான் இல்லாட்டி இந்த மனுஷனுக்கு விரலே தேஞ்சு போயிருக்கும்" என்று பக்கத்திலிருந்த முகவரி அட்டைகளிடம் பீற்றிக்கொள்ளும்.

ஒருநாள் சாரின் மகள் நறுமுகை எழுதியிருந்தாள்: "அப்பா, பொங்கலுக்கு வரலாம்னு இருக்கேன். லீவு போடட்டுமா?"

சார் பழக்கதோஷத்தில் ஆசெயைத் தட்டி அனுப்பிவிட்டார்.

வங்கி மேலாளருக்கும் குழாய் ரிப்பேர்காரருக்கும் நடுவில் கிடந்த நறுமுகையின் அட்டை அலறியது. "அடப்பாவி, அவ அவரோட பொண்ணு!"

"இருந்தா என்ன? மரியாதையாத்தானே பேசினேன்" என்றது ஆசெ.

சற்று நேரத்தில் பதில் வந்தது. "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மடல் கிடைத்தது. எனது வருகை பரிசீலனையில் உள்ளது."

சார் திடுக்கிட்டார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடித் தட்ட ஆரம்பித்தார். அம்மா சுடப்போகும் முறுக்கு, ஒட்டடை அடித்து வைத்த அவள் அறை, ஸ்டேஷனுக்குத் தானே வண்டியெடுத்து வருவது என்று வரிகள் நீண்டுகொண்டே போயின. தன்னைக் கூப்பிடுவார், கூப்பிடுவார் என்று ஆசெ காத்திருந்தது.

கடைசியில் பொறுக்கமாட்டாமல் அட்டையிடம் கேட்டது: "இவ்வளவு நீளமா என்னதான் சொல்றாராம்?"

"வான்னு சொல்றார்" என்றது அட்டை.