சிவப்பு விளக்கில் வலப்பக்கம்

முன்னால் நின்ற காரின் பின்புறத்தில் வெண்டல் ஓட்டிவந்த வண்டி டமாரென்று மோதியது. ஏற்கெனவே அரை மணி நேரம் தாமதம். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரக் குளிரிலும் கொதித்துப்போய் இறங்கியவன், நின்ற இடத்திலிருந்தே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஃபோன் போட்டான்.

"என்ன சார் ஆச்சு?" என்றாள் லைனில் வந்த பெண்.

"சிவப்பு விளக்கு எரிஞ்சாலும் நின்னு பாத்துட்டு வலது பக்கம் திரும்பலாம்ல? முன்னாடி இருந்த அம்மா நின்னாங்க, கிளம்பினாங்க. போயிட்டாங்கன்னு நெனச்சு, இடது பக்கம் வண்டி வருதான்னு பாத்துக்கிட்டே நகர்ந்தேன். பொசுக்குன்னு பிரேக் போட்டுட்டாங்க! தப்பு முழுக்க அவங்களோடது. எழுதிக்குங்க!"

"யாராவது ரோட்டக் கடந்தாங்களா?"

"ஒரு ஈ காக்கா இல்ல!"

முன்காரை ஓட்டிவந்த பெண் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இறங்கி நேராகத் தன் காரின் முன்பக்கம் ஓடிக் குனிந்தாள்.

"ஏம்மா, இடிச்சது பின்னாடி! அங்க என்னத்தத் தேடுற? பழைய கீறலையெல்லாம் என் தலையில கட்டப் பாக்குறியா?"

அவள் வெளிறிய முகத்தோடு நிமிர்ந்தாள். "வாய மூடுய்யா! புள்ள பனியில வழுக்கி என் டயருக்கு முன்னாடி விழுந்துடுச்சு. நீ இடிச்சப்பவும் நான் பிரேக்லேர்ந்து கால எடுக்கல, தெரியுமா?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி எழுந்தாள்.

"அப்பா... ஸ்கூல் வாசல்ல ரொம்ப நேரம் நின்னேன். நீங்க வரவே இல்ல. அதான் நடந்து வந்தேன்."

ஃபோனில் அந்தப் பெண் மறுபடி கேட்டாள்: "அப்ப யாரும் கடக்கலன்னே எழுதிக்கவா, சார்?"