ஒரே லென்ஸ் போதும்

"முறுக்கற வேலையே இருக்கக் கூடாதுங்க சாமி" என்றாள் சௌந்திரம்.

சிவபிரகாஷ் ஜூம் லென்ஸைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தான். சேலத்தில் இந்தக் கேமராக் கடைக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து இப்படியொரு நிபந்தனையை அவன் கேட்டதில்லை.

"ஜூம்னா முறுக்கித்தானுங்க ஆகணும். டூர் போறோம்னு சொல்றீங்க. கோபுரம் தூரத்துல இருந்தா கலசம் தெரிய வேண்டாமா?"

"கிட்டப் போய் எடுத்துக்கலாமுங்க. நடக்கறதுக்கென்ன, காலு நல்லாத்தானே இருக்குது."

"அப்படின்னா பக்கத்துக்கு ஒரு லென்ஸு, தூரத்துக்கு ஒரு லென்ஸு, ரெண்டா எடுத்துக்குங்க."

"கழட்டி மாட்டற வேலையும் வேண்டாமுங்க. ஒரே லென்ஸு. மாட்டுனது மாட்டுனபடி இருக்கோணும். தூக்குனா கனம் தெரியக் கூடாது."

"அதுக்குக் கேமரா எதுக்குங்க்கா? செல்போனே போதுமே!"

அவன் குரலில் இருந்த ஏளனம் அவளுக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் சிரித்த முகமாகவே சொன்னாள்.

"எனக்கில்லீங்க, எங்க ஊட்டுக்காரருக்கு. மல்லசமுத்திரம் பக்கம் கருப்பண்ணன்னா தெரியாதவங்க இல்லீங்க. அவரு போட்டோ எடுக்காத கல்யாணமே இல்ல. இருந்த கேமராவையெல்லாம் வித்துப்போட்டு, இனித் தொடமாட்டேன்னு உக்காந்துட்டாரு. நாளைக்கு ஹம்பிக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்கயும் எடுக்கலீன்னா அந்த மனுசன் இனி எப்பவுமே எடுக்க மாட்டாருங்க."

சிவபிரகாஷ் உதட்டைச் சுழித்தான். இந்த மாதிரி ஆட்களை அவனுக்குத் தெரியும். எல்லார் கையிலும் செல்போன் வந்ததும் தொழில் படுத்திருக்கும். உலகத்தின் மேலேயே கோபித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பார்.

"எடுக்கப் போறவரு வந்து பாக்க வேண்டாமா? அவரைக் கூப்பிடுங்க்கா."

"கார்ல இருக்காருங்க. தெரிஞ்ச போட்டோக்காரங்க யாராச்சும் கடையில இருப்பாங்கன்னு எறங்க மாட்டேங்கறாரு."

கண்ணாடிக் கதவு வழியே எட்டிப் பார்த்தான். சாலையோரம் நின்ற வெள்ளைக் காரின் முன் இருக்கையில், தோளில் துண்டோடு ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓட்டுநர் இருக்கை காலியாக இருந்தது.

"டிரைவர் எங்கீங்க?"

"நாந்தானுங்க ஓட்டீட்டு வந்தேன்."

மகாராஜாதான்! பெண்டாட்டி கார் ஓட்ட வேண்டும், பெண்டாட்டி கடை ஏறி இறங்க வேண்டும், ஐயா அசையாமல் உட்கார்ந்திருப்பார். சிவபிரகாஷுக்கு எரிச்சலாக வந்தது.

சௌந்திரம் மேஜையின் ஓரத்தில் இருந்த சின்னக் கேமராவை இடது கையில் எடுத்தாள். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள்.

"வெலை அடியில இல்லீங்க்கா, அந்த அட்டையில இருக்குது."

"வெலை கெடக்கட்டும் சாமி. இதுவே இருக்கட்டும். பேட்டரி, கார்டெல்லாம் போட்டு எடுக்கற மாதிரியே குடுங்க."

பொம்மைதான் எடுப்பேன் என்பவளிடம் என்ன பேசுவது? போட்டுக் கொடுத்தான். அவள் பணத்தைக் கட்டிவிட்டு, பர்ஸிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, ஒரு சிட்டிகைத் திருநீற்றைக் கேமராவின் ஓரத்தில் பூசிக் கண்ணை மூடி நின்றாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஒரு ஒத்தாசை சாமி. நீங்களே வந்து அவரு கையில குடுக்கறீங்களா? நான் குடுத்தா எரிஞ்சு உளுவாரு. வெளியாளு குடுத்தா மரியாதைக்காச்சும் வாங்குவாரு."

இதுவும் ஒரு வேலையா என்று முனகிக்கொண்டே சிவபிரகாஷ் அவளோடு வெளியே வந்தான். கார்க் கண்ணாடி இறங்கியது. இரண்டு கையாலும் கேமராவை நீட்டினான்.

"வாங்கிக்குங்கண்ணா."

கருப்பண்ணன் இடது கையை நீட்டி வாங்கினார்.

சிவபிரகாஷுக்குச் சுருக்கென்றது. புதுப்பொருள், திருநீறு வைத்தது, அதை இடது கையாலா வாங்குவது? என்ன திமிர்!

"கடையில பொம்மையெல்லாம் விக்க ஆரம்பிச்சுட்டீங்களா தம்பி?"

"அக்கா எடுத்ததுங்க. நான் நல்லதாத்தான் காட்டுனேன்."

"ஜூம் இல்லியா?"

"முறுக்கற வேலையே வேண்டாம்னுட்டாங்க. லென்ஸும் ஒண்ணே போதுமாம்."

கருப்பண்ணன் தலையை நிமிர்த்தினார். காருக்கு முன்னால் போய்த் தலையைக் குனிந்து நின்ற மனைவியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கேமராவை மடியில் வைத்துத் தடவினார்.

"கதவத் தொறந்து உடுங்க தம்பி" என்றார்.

கதவைக்கூட அடுத்தவன்தான் திறக்க வேண்டும்! பல்லைக் கடித்துக்கொண்டு திறந்தான் சிவபிரகாஷ். அவர் இறங்கினார்.

"சௌந்திரம், அங்கயே நில்லு. நிமுந்து என்னையப் பாரு."

அவள் நிமிர்ந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். கருப்பண்ணன் கேமராவை இடது கையிலேயே தலைகீழாகப் புரட்டி, கண்ணருகே கொண்டுபோனார்.

சிவபிரகாஷுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. இவர் எடுக்காத கல்யாணமே இல்லையாம்! எது மேல், எது கீழ் என்றுகூடத் தெரியவில்லை. "அண்ணா, தலைகீழாப் புடிச்சிருக்கீங்க" என்று சொல்ல வாயைத் திறந்தான்.

கருப்பண்ணனின் சுண்டு விரல், வலப்பக்கம் மேலே இருந்து இப்போது இடப்பக்கம் கீழே வந்துவிட்ட பொத்தானைத் தேடிப் பிடித்து அமுக்கியது. அந்த அசைவில் அவருடைய வலது தோளை மூடித் தொங்கிய துண்டு நழுவி விழுந்தது. அதைப் பிடிக்க அந்தத் தோளுக்குக் கீழே கை இல்லை.