ஒரே தொட்டி

சூப்பர்வைசர் மறுபடியும் கொத்தினான். குறி பார்த்து, அந்தப் பச்சைப் பொட்டின் மேலேயே.

சூப்பர்வைசர் என்பது ஆண் வாத்து. பெயர் வைத்தது சின்னராஜ். கம்பெனியில் இருக்கிற சூப்பர்வைசரை எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாதவன், வீட்டில் ஒரு வாத்துக்காவது அந்தப் பெயரை வைத்துக் கூப்பிட்டுக்கொள்ளலாம். ஆனால் இந்தச் சூப்பர்வைசரும் அவனை மதிப்பதில்லை. மாமியார் சரோஜம்மாள் வளர்க்கிற ஐந்து வாத்துகளுக்கு அதுதான் தலைமை.

கொத்து வாங்கிய புது வாத்து தவிட்டுத் தொட்டியை விட்டு ஓடி, துவைக்கிற கல்லுக்குப் பின்னால் தன் ஜோடியோடு ஒண்டிக்கொண்டது.

தப்பு சின்னராஜுடையது.

மாமியாரின் வாத்தில் இரண்டை நாய் தூக்கிப் போய்விட்டது. அவர் மனம் கொஞ்சம் குளிரட்டும் என்று குந்தாரப்பள்ளிச் சந்தையில் இந்த ஜோடியை வாங்கி, வலைப்பையில் போட்டு, கண்டக்டரிடம் வழிநெடுக வசவு வாங்கிக்கொண்டு ஓசூர் வந்து சேர்ந்தான். வந்த கையோடு சட்டைப்பையிலிருந்து பெயிண்ட் மார்க்கரை எடுத்து இரண்டின் மண்டையிலும் ஒரு பச்சைப் பொட்டு வைத்தான்.

யாரும் வைக்கச் சொல்லவில்லை. கம்பெனியில் அவன் வேலை அது. தேறின பார்ட்டுக்குப் பச்சை, தேறாததற்குச் சிவப்பு. எட்டு வருஷமாகப் பொட்டு வைத்த கைக்கு வாத்து எது, பார்ட் எது என்று தெரியவில்லை.

பழைய வாத்துகள் அதுவரை பச்சை மண்டையைப் பார்த்ததில்லை. பார்த்ததும் பிடிக்கவில்லை.

மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தான். தேங்காயெண்ணெய் தேய்த்தான். பொட்டு போகவில்லை. எதற்கும் அழியாத மார்க்கர் என்று புதிதாகச் சேர்கிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பதும் அவன்தான்.

"நாளைக்குச் சந்த. அதுக்குள்ள ஒண்ணு சேரலன்னா, வாங்கின எடத்துலயே வித்துட்டு வந்துரட்டும்."

சரோஜம்மாள் இதைச் சூப்பர்வைசரைப் பார்த்துச் சொன்னார். மருமகனிடம் நேராகப் பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை. வாத்தைத் திட்டுவது தெலுங்கில், மருமகனைத் திட்டுவது தமிழில். இரண்டுக்கும் முகம் வாத்துப் பக்கம்தான். ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் நடந்து ஒரு வருஷம் ஆகியும், எது தனக்கு என்று சின்னராஜ் பாஷையை வைத்துத்தான் பிரித்துக்கொண்டிருந்தான்.

"இல்லன்னா சண்ட எதுக்கு? அதுங்களுக்குன்னு தனியா ஒரு சட்டி வச்சிட்டாப் போவுது. ஓரமாத் தின்னுட்டு இருக்கட்டும்." இதுவும் தமிழில்தான்.

எதற்கும் ஒரு கிண்டல் கையில் வைத்திருப்பவன் சின்னராஜ். இதற்கு மட்டும் கிண்டலை விட்டு நேராகவே சொன்னான்.

"தனிச் சட்டி வேண்டாம். தின்னா ஒரே தொட்டியிலதான் திங்கணும்."

பக்கத்தில் நின்ற லாவண்யா, புருஷனையும் பார்க்காமல் அம்மாவையும் பார்க்காமல், கையிலிருந்த தவிட்டு வாளிக்குள் பார்த்தாள்.

அவன் புதுசு இரண்டையும் தூக்கி வந்து தொட்டியருகே விட்டு, நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். சூப்பர்வைசர் சுற்றி வந்து அவன் முழங்காலைக் கவ்வியது. அவன் நகரவில்லை. கம்பெனி பஸ்சுக்கு நேரமாகிறவரை கடி வாங்கினான்.

கிளம்பும்போது லாவண்யாவிடம் முணுமுணுத்தான். "அழிக்க முடியலன்னா என்ன, எல்லா மண்டையிலயும் வச்சிட்டா எது புதுசுன்னு அதுகளுக்கே தெரியாதுல்ல."

"எங்கம்மா வாத்து மேல கை வச்சிப் பாருங்க. அடுத்த பொட்டு உங்க மண்டையிலதான்."

கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த சரோஜம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. தெலுங்கிலும் சொல்லவில்லை.

அன்று நைட் ஷிப்டில் சட்டைப்பையைத் தடவினால் மார்க்கர் இல்லை. தொட்டியருகே உட்கார்ந்தபோது விழுந்திருக்கும். பக்கத்து பெஞ்சில் கடன் கேட்டு, நிஜ சூப்பர்வைசரிடமும் ஒரு கடி வாங்கினான்.

காலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது முடிவு செய்துவிட்டிருந்தான். சந்தைக்குப் போகப்போவதில்லை. இன்னும் எத்தனை நாளானாலும் தொட்டிப் பக்கத்திலேயே உட்கார்வது. கொத்துகிறவர்கள் கொத்தட்டும்.

நேராகக் கொல்லைப்புறத்துக்குப் போனான்.

தொட்டியைச் சுற்றி ஏழு தலைகள் தவிட்டுக்குள் இருந்தன. ஏழிலும் பச்சை.

சூப்பர்வைசரின் பொட்டு மட்டும் கோணலாகக் கண்வரை இழுத்திருந்தது, திமிறியிருக்கும். அது தலையைத் தூக்கி இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. யாரைக் கொத்துவது என்று புரியாமல் மறுபடியும் குனிந்துகொண்டது.

துவைக்கிற கல்லருகே சரோஜம்மாள் தேங்காய் நாரால் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் பச்சை. அது போகாது என்று சொல்ல வாயெடுத்தவன், சொல்லாமல் விட்டான்.

"களி ஆறுது. தட்ட எடுத்துக்கிட்டு உக்காருங்க."

தமிழ். பக்கத்தில் வாத்து எதுவும் இல்லை.

சின்னராஜ் வழக்கம்போல் சமையலறை ஜன்னலுக்கு வெளியே, திட்டின் மேல் கை நீட்டினான். ஒரு வருஷமாக அவன் தட்டு அங்கேதான் தனியாகக் கவிழ்ந்திருக்கும். அவனே கழுவி, அவனே கவிழ்த்துவிட்டுப் போவான்.

திட்டு வெறுமையாக இருந்தது.

உள்ளே போனான். பாத்திரக்கூடையில் வீட்டுத் தட்டுகள் எல்லாம் ஒன்றாகக் கவிழ்ந்திருந்தன. ஒரே கடையில் வாங்கிய ஒரே செட்.

எட்டு வருஷமாகப் பார்த்த மாத்திரத்தில் தரம் பிரித்துப் போட்ட கை, ஒவ்வொரு தட்டாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

எது தன்னுடையது என்று தெரியவில்லை.